ஆட்டோபிளேயை யார் கேட்டது?

"ஒரே ஒரு பாட்டு" என்று கொடுத்த ஃபோனில், அது முடிந்த கையோடு அடுத்தது தானாக ஓட ஆரம்பிக்கிறது. இதுதான் ஆட்டோபிளே. முடிந்தது என்று ஒரு இடமே இல்லாதபோது, பிடுங்கினால் பிள்ளை அழாமல் என்ன செய்யும்? திட்டு மட்டும் பிள்ளைக்கு! 2 முதல் 4 வயதுக்குத் திரை பார்க்க நாளுக்கு 1 மணி நேரமே அதிகபட்சம் என்று 2019-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. சோறு ஊட்டும்போதே அது தீர்ந்துவிடுகிறது.

யூடியூபில் பெரியவர்கள் கணக்குக்கு ஆட்டோபிளே தானாகவே ஆன். குழந்தை பார்ப்பதோ அப்பா கணக்கில். வீடியோவின் மேலே உள்ள அந்தப் பொத்தானை அணையுங்கள். டிவியில் செட்டிங்ஸுக்குப் போய்த் தனியாக அணைக்க வேண்டும். ஷார்ட்ஸிடம் இது எதுவும் பலிக்காது, அதுதான் கொடுமை. சின்னப் பிள்ளைக்கு யூடியூப் கிட்ஸே போதும்: பூட்டுப் படத்தைத் தொட்டு, டைமரில் 20 நிமிடம் வைத்தால், நேரம் முடிந்ததும் ஆப் தானே பூட்டிக்கொள்ளும்.