மூன்றாவது போர்

போன மாதம் பெருந்துறைப் பக்கம் நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அப்பா கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் மூன்று ஏக்கர் நெல் போடுகிறவர். வாய்க்காலில் ஒரு போகத்துக்குத்தான் தண்ணீர், மிச்சத்துக்கு போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. முதல் போர் 300 அடியில் வற்றிவிட்டது. இரண்டாவது 650 அடி. வீட்டு நகையை அடகு வைத்துப் போட்ட மூன்றாவது, 900 அடி இறங்கியும் வெள்ளைப் புழுதிதான். தென்னை மட்டையெல்லாம் இன்னும் அந்தப் புழுதி படிந்திருக்கிறது.

"உங்க மலைத் தண்ணிதானுங்க தம்பி எங்களுக்கு" என்றார். குறையாகச் சொல்லவில்லை. கோத்தகிரிக்காரனான எனக்குத்தான் உறுத்தியது. பவானிசாகரை நம்பிக் கீழே 2,07,000 ஏக்கர் இருக்கிறது. அந்த அணைக்கு வருவதில் பெரும்பங்கு நீலகிரியில் பெய்த மழை. மழையைப் பிடித்து வைத்துக் கோடை வரை கசிய விட்டது புல்வெளியும் சோலையும். அங்கே சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் நட்டோம். சரிவுகளை கேரட்டுக்குக் கொத்தி மேல்மண்ணை ஓடையில் விட்டோம்.

அப்புறம் உரம். டிஏபி மூட்டை 1,350 ரூபாய். அதுவே மானியம் போக வரும் விலை. 2021 மே மாதம் மூட்டைக்கு 500 ரூபாயாக இருந்த மானியத்தை 1,200 ஆக்கித்தான் மத்திய அரசு விலையேற்றத்தைச் சமாளித்தது. யூரியாவுக்கு இயற்கை எரிவாயு, டிஏபிக்குப் பாறை பாஸ்பேட். இரண்டுக்குமே வெளிநாட்டுக் கப்பலை எதிர்பார்க்கிறோம். தண்ணீர்க் கதை அங்கேயும் இதேதான். பஞ்சாபில் வருடம் ஊறுவதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறார்கள். ஜூன் 10க்கு முன் நெல் நடவு செய்யாதே என்று 2009இல் சட்டமே போட வேண்டி வந்தது. ஆனால் நெல்லுக்கு விலை வைக்கும்போது வற்றிப்போன தண்ணீரை யாரும் செலவில் எழுதுவதில்லை. புழுதி பறந்த போரின் கடன் அந்தப் பெரியவர் தலையில்தான்.

நெல்லையே விடச் சொல்லவில்லை. சோறு வேண்டும். ஆனால் எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) பாட்டி காலம் வரை ராகியும் சாமையும் மழையை மட்டும் நம்பி விளைந்தன. வீட்டில் சாமை குத்திய உரல் இருக்கிறது, குத்தத்தான் சாமை இல்லை. 2023இல் நீலகிரி, தர்மபுரி ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி தரத் தொடங்கினார்கள். நல்ல காரியம், மனமாரச் சொல்கிறேன். ஆனால் அதற்கான ராகியை தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கொள்முதல் செய்தார்கள். எங்கள் சரிவில் விளைவதையும் அதே விலைக்கு எடுக்கட்டும். தேயிலையைப் பிடுங்கிவிட்டு அரை ஏக்கர் ராகி விதைக்க நான் தயார். என் தெருவில் இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.