வாய்க்காலை அகலப்படுத்தினால் போதுமா?

மியான்மரின் எல்லை ஊரான தாச்சிலேக்கின் பழைய மழைநீர் வாய்க்கால்களை அகலமாக்கினால் வெள்ளம் வடிந்துவிடும் என்கிறது கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. அவை கொட்டுவது நமக்கும் தாய்லாந்தின் மே சாய்க்கும் நடுவே ஓடும் சாய் ஆற்றில்தான். ஆறு நிரம்பினால் ஆற்றுத் தண்ணீரே வாய்க்கால் வழியாக ஊருக்குள் ஏறும். அகலம் கூடினால் இன்னும் தாராளமாக வரும். முதலில் வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்தில், தண்ணீரை வெளியே மட்டும் விடும் ஒருவழிக் கதவு வேண்டும். ரங்கூனில் இருக்கும் உனக்கென்ன என்று கேட்காதீர்கள், தங்கை குடும்பம் தாச்சிலேக்கில்தான் கடை வைத்திருக்கிறது. 2024 செப்டம்பரில் யாகி புயல் மழையில் இரு கரையும் சேறாகிப் போனதே! ஆற்றை நெருக்கிக் கட்டடம் கட்டியது இரண்டு பக்கமும்தான். சாய் ஆற்றை மியான்மரும், அது போய்ச் சேரும் ருவாக் ஆற்றைத் தாய்லாந்தும் தூர்வாருவதாகப் பிரித்துக்கொண்டார்கள், சரி. ஷான் மலை மண் ஒவ்வொரு மழைக்கும் வந்து சேருமே, அப்புறம் ஆண்டுதோறும் யார் வாருவது? கட்டுரை அதைத் தொடவே இல்லை.