நயாகரா அருவி நகர்வதில்லையா?

“கடினப் பாறை என்பதால் நயாகரா அருவி தோன்றிய இடத்திலேயே இன்றும் விழுகிறது” என்று சிலர் எழுதுவது சரியன்று. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன், பனிப்பாளங்கள் பின்வாங்கிய காலத்தில், இன்றைய கனடாவின் குவீன்ஸ்டன், அமெரிக்காவின் லூயிஸ்டன் ஊர்களுக்கருகே தோன்றிய அந்த அருவி, ஏறத்தாழ 11 கிலோமீட்டர் ஆற்றின் மேற்புறமாக நகர்ந்து வந்திருக்கிறது. அருவிக்குக் கீழே நீண்டு கிடக்கும் குறுகலான பள்ளத்தாக்கே அதற்குச் சான்று. மேலடுக்குக் கடினமானது என்பது உண்மைதான். ஆனால் அதனடியில் உள்ள மென்மையான களிமண் பாறையை நீர் குடைந்தெடுப்பதால், தாங்கலிழந்த மேற்பாறை அவ்வப்போது பெருந்துண்டுகளாக உடைந்து விழுகிறது. 1954இல் அமெரிக்கக் கரையில் பிராஸ்பெக்ட் பாயின்ட் என்னும் பார்வையிடத்தின் ஒரு பகுதியே அப்படிச் சரிந்தது. மின்னுற்பத்திக்காக நீரின் பெரும்பகுதி திருப்பிவிடப்படுவதால்தான் இப்போது அரிப்பு மெதுவாக நடக்கிறது.