டேப்பை எடுத்து அளங்க தம்பிமாரே!

ஸ்டால் பெருத்தால் கையிலிருக்கிற சாமானையெல்லாம் குப்பையில் போட வேண்டுமென்று எந்தப் புண்ணியவான் சொல்லிக் கொடுத்தானோ! கண்காட்சியில் ஸ்டால் போட்டுக் கைத்தறிச் சாரி விற்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. "இந்த முறை டபுள் ஸ்டால்" என்று வாயைத் திறந்தால் போதும். டிசைன் போடுகிறவர்களுக்குப் பழைய பெனர் வேண்டாம், பழைய ஸ்டாண்ட் வேண்டாம், எல்லாம் புதுசு. காசு யார் கொடுப்பது?

கணக்கைப் பாருங்கள். போன முறை பத்துக்குப் பத்து. பின்சுவர் பத்தடி, பக்கச் சுவர்கள் பத்துப் பத்தடி, மொத்தம் 30 அடி. அந்த 30 அடிக்கும் எங்கள் தச்சு வேலை செய்கிற ஓடாவியார் மரச்சட்டத்தில் கைத்தறித் துணி இழுத்துக் கட்டி, ஐந்தடி அகலத்தில் ஆறு தட்டி செய்து தந்தார். இம்முறை கொழும்பில் இருபதுக்குப் பத்து, அதுவும் மூலை ஸ்டால். முன்பக்கமும் ஒரு பக்கமும் திறந்திருக்கும். பின்சுவர் 20, பக்கச் சுவர் 10. கூட்டினால் அதே 30 அடிதான்! தரைதான் இரட்டிப்பு, சுவர் ஒரு அடி கூடக் கூடவில்லை. பின்னால் நாலு தட்டி, பக்கத்தில் ரெண்டு, வேலை முடிந்தது. இதைத் தாளில் கீறி, அளவு போட்டு அனுப்பினேன். "ஓம் அக்கா, விளங்கிற்று" என்றார் டிசைன்காரத் தம்பி.

இன்றைக்குப் பட்டா லொறியில் வந்து இறங்கியது இருபதடி ஃப்ளெக்ஸ்.

முற்றத்தில் விரித்தோம். விரிய விரிய எனக்கு வயிறு எரிந்தது. நோட்டீசுக்கு எடுத்த பழைய படத்தை, உயரத்தை எட்டடியில் விட்டுவிட்டு, அகலத்தை மட்டும் இருபதுக்கு இழுத்திருக்கிறார். ராட்டைச் சக்கரம் படுக்கவைத்த முட்டை மாதிரிக் கிடக்கிறது. மருதமுனையில் எங்களுக்கு நெய்து தருகிற ராத்தாவின் (அக்காவின்) முகம் இரண்டு பங்கு அகலம். எவ்வளவோ கேட்டபிறகு சம்மதித்து, நல்ல சாரி உடுத்து, தறியில் உட்கார்ந்து எடுத்த படம் அது. இதை அவவிடம் எப்படிக் காட்டுவேன்?

போன் எடுத்தேன்.

"தம்பி, சக்கரம் வட்டமாகத்தானே இருக்கும்?"

"பெரிசாக்கினா அப்படித்தான் அக்கா வரும்."

"அப்ப உயரமும் பெருக்க வேண்டாமா?"

"உயரம் கூட்ட ஏலா அக்கா, சுவர் எட்டடிதானே."

"பிறகு ஏன் அகலத்தை இழுத்தீங்க?"

"ஸ்டால் பெரிசுதானே."

"தட்டிகளை வைக்கத்தானே சொன்னேன்?"

"அது பழசுதானே அக்கா. மறுகா பாப்பம்."

மறுகாவா? லொறிக்கு ஆள் சொல்லியாயிற்று, மறுகா எப்போது?

எனக்குக் கோபம் காசுக்காக மட்டுமில்லை. நாங்கள் விற்பதே துணி! துணிக்கடையின் சுவரைத் துணியால் மூடாமல் பிளாஸ்டிக்கால் ஏன் மூட வேண்டும்? ரோல்-அப் பெனர் இரண்டு கிடக்கின்றன, 85 சென்ரிமீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம். திறந்த மூலையில் ஆள் நடக்கிற பக்கம் பார்த்து நிறுத்தினால் தூரத்திலிருந்தே பெயர் தெரியும். புதிதாக ஏதாவது அடித்தாலும் பழைய பெனருக்குப் பக்கத்தில் ஒட்டக் கூடாது, பழையதன் வெள்ளை மங்கியிருக்கும், இரண்டும் சேர்ந்து நின்றால் கண்ணைக் குத்தும். செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் விளக்குக்குச் செலவழிக்கலாம். 200 சதுர அடிக்குப் பழைய ஸ்பொட் லைட் காணாது, நீல வெளிச்சத்தில் மஞ்சள் சாரி செத்துப்போய்த் தெரியும். இதையெல்லாம் அந்த டிசைன்காரத் தம்பிதானே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்? ஒரு தடவை வந்து தட்டிகளை அளந்து பார்த்தாரா? அளக்காமல் டிசைன் போடுகிறவர்களுக்கு நாங்கள் எதற்கு அட்வான்ஸ் கொடுக்கிறோம்?

அதோடு இன்னொன்று, வாய் திறந்தாயிற்று, சொல்லிவிடுகிறேன். ஸ்டாலுக்கு வந்து சாரியை விரித்து, தோளில் போட்டு, படமும் எடுத்துக்கொண்டு, "இதே டிசைன் அங்கால பவர்லூம்ல பாதி விலைதானே" என்று கேட்கிறீர்களே, நீள நூலைப் பாவு ஓட்டி, குறுக்கு நூலைத் தாரில் சுற்றி, காலும் கையும் நோக நெய்தவளின் கூலியில் எந்தப் பாதியைக் குறைக்கச் சொல்கிறீர்கள்?