மூலிகையைப் பகிரும்போது விட்டுப்போகும் பாதி

செங்காந்தள் பூத்து நிற்கும் அழகான படம் ஒன்று கடந்த வாரம் எங்கள் உறவினர் குழுவில் வந்தது. அதன் கிழங்கை அரைத்துச் சுண்டைக்காய் அளவு உண்டால் மூட்டுவலி தீரும் என்று படத்தின் கீழே ஒற்றை வரி எழுதப்பட்டிருந்தது. மாலைக்குள் நான்கு பேர், "இது நம்ம விளையிலேயே நிக்குதே" என்று மகிழ்ச்சியோடு பதில் எழுதியிருந்தார்கள். நால்வரையும் தனித்தனியே தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். அவர்களிடம் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்; ஏனென்றால் அந்தப் படம் எங்கள் குழுவுக்கு மட்டும் வந்திருக்காது.

செங்காந்தள் நம் மாநில மலர். கிழங்கு கலப்பை வடிவில் இருப்பதால் அதைக் கலப்பைக் கிழங்கு என்கிறோம். கொடியின் எல்லாப் பாகங்களிலும் கோல்சிசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. வேகவைத்தாலும் அது அழியாது. உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும், உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் எண்ணிக்கொண்டிருப்பார்கள். அடுத்த சில நாட்களில் எலும்பு மஜ்ஜையும் சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். அதே கோல்சிசின்தான், மிகச் சிறிய அளவில், கவுட் எனப்படும் வாத நோய்க்கு இன்றும் மருத்துவர்கள் எழுதித் தரும் மாத்திரை. ஆகவே அந்த ஒற்றை வரி முழுப் பொய் அன்று. அதன் ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள அளவு மிகக் குறுகியது என்பதை அந்த வரி சொல்லவில்லை.

என் பாட்டா கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் தாலுகாவில் ஒரு வர்ம ஆசானிடம் பல ஆண்டுகள் உடனிருந்து கற்றவர். கலப்பைக் கிழங்கை அவர் பயன்படுத்தியதை நான் பார்த்திருக்கிறேன். உப்புக் கலந்த மோரில் இரவெல்லாம் ஊறவைத்து, பகலில் வெயிலில் உலர்த்தி, அதையே பல நாள் திரும்பத் திரும்பச் செய்த பிறகுதான் அது அவர் அம்மிக்குப் போகும். அப்போதும், "உள்ளுக்குக் குடுக்கப்பிடாது, மேலுக்குத்தான்" என்று ஒவ்வொரு முறையும் கேட்பவரிடம் சொல்லி அனுப்புவார். கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கு அந்தப் பூச்சைக்கூடக் கொடுக்க மாட்டார். சுத்தி செய்யும் முறை, தரக்கூடாதவர் யார் என்ற தெளிவு, எப்போது நிறுத்த வேண்டும் என்ற கணக்கு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அவர் கற்ற மருத்துவம். செடியின் பெயரும் நோயின் பெயரும் அதன் முதல் பாடம் மட்டுமே. இன்று நாம் ஆயிரக்கணக்கில் பகிர்ந்துகொண்டிருப்பது அந்த முதல் பாடத்தைத்தான்.

நாட்டு மருத்துவத்தை இகழ்வதற்காக நான் இதை எழுதவில்லை. அதை இகழ்பவர்களிடம் எனக்கு இதைவிடப் பெரிய வழக்கு உண்டு. சர்ப்பகந்தா வேரை நம் வைத்தியர்கள் பல தலைமுறைகளாக மனக்கலக்கத்துக்கும் உறக்கமின்மைக்கும் கொடுத்து வந்தார்கள். 1949இல் மும்பையைச் சேர்ந்த மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை உயர் இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்துக் கண்ட பலனைப் பிரிட்டனின் இதயநோய் ஆய்விதழில் வெளியிட்ட பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தில் அதன் வேரிலிருந்து ரிசர்பின் என்னும் மருந்துப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. இதில் நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் அதே ரிசர்பின் சிலரை ஆழ்ந்த மனச்சோர்வில் தள்ளியது என்பதையும் அந்தப் பெருமையோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

கீழாநெல்லியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது எங்கள் வீட்டுக்குள் நடந்தது. என் பெரியப்பாவுக்குக் கண் மஞ்சளித்தபோது, உறவினர்கள் கீழாநெல்லியை அரைத்துப் பாலில் கலந்து கொடுத்து, உப்பில்லாப் பத்தியமும் வைத்தார்கள். மூன்று வாரம் கழிந்தது. மலம் வெளுத்ததையும், உடலெங்கும் அரிப்பு எடுத்ததையும் மஞ்சள் இறங்குவதன் அடையாளம் என்று யாரோ சொன்னார்கள். பித்தநாளத்தில் கல் அடைத்திருந்தது என்பதும், அதனால் நோய்த்தொற்று இரத்தத்தில் கலந்துவிட்டது என்பதும் காய்ச்சல் கண்டு நடுங்கத் தொடங்கிய பிறகே ஸ்கேனில் தெரிந்தது. அவர் பிழைத்தார். ஆனால் அந்த மூன்று வாரங்களுக்கு அவர் உடல் கொடுத்த விலையை நான் அருகிலிருந்து பார்த்தேன். பாட்டா உயிரோடு இருந்திருந்தால் முதல் நாளே மலத்தின் நிறத்தைக் கேட்டிருப்பார் என்று அன்று என் அம்மா அழுதுகொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

மஞ்சள் காமாலை ஒரு நோய் அன்று; பல நோய்களின் அடையாளம். அசுத்தமான தண்ணீர் வழியே வரும் கல்லீரல் அழற்சி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். அந்த வாரங்களில் எதைக் கொடுத்திருந்தாலும் அதற்கே புகழ் சேரும். கல்லோ கட்டியோ அடைத்தால் எந்தச் சாறும் அதை நீக்காது. கீழாநெல்லிக்கு ஆய்வுகளே நடக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் உட்பட்ட குழு, சென்னையில் நடத்திய ஆய்வின் முடிவை 1988இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டது. கீழாநெல்லிப் பொடி உண்ட 37 பேரில் 22 பேருக்கு அந்தக் கிருமியின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்தது என்று அது சொன்னது. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. முதல் செய்தி மட்டும் இன்றும் சுற்றுகிறது. அடுத்து வந்தவற்றை யாரும் பகிர்வதில்லை.

அதோடு, நாம் பறிப்பது கீழாநெல்லிதானா என்ற கேள்வியும் உண்டு. கீழாநெல்லி என்று பறிக்கப்படுபவற்றில், காய் வழவழப்பாகச் சிறு காம்போடு தொங்குவது ஒன்று. தண்டு செம்மை படர்ந்து, காம்பில்லாமல் சொரசொரப்பான காய் ஒட்டியிருப்பது மற்றொன்று. மேலாநெல்லி இவ்விரண்டிலும் சேராதது. படத்தைப் பார்த்துப் பறிப்பவருக்கு இவை மூன்றும் ஒன்றே.

நம் மாவட்டத்துக்கு மிக நெருக்கமான இன்னொரு செடி ஈசுரமூலி. பாம்பு அண்டாது என்ற நம்பிக்கையில் பல வீடுகளின் எல்லை மண்சுவர்களான கையாலைகளில் அதைப் படரவிட்டிருப்பதைப் பார்க்கலாம். பாம்புக்கடிக்கு அதன் வேரை அரைத்துக் கொடுப்பதும் பழைய வழக்கம். தென்னிந்தியாவின் மிகப் பெரிய பட்டாம்பூச்சி முட்டையிடுவது இந்த இனக் கொடிகளில்தான். அதற்காகவே அதை யாரும் வெட்ட வேண்டாம் என்பேன். ஆனால் உள்ளுக்கு உண்ண வேண்டாம். அதில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருங்கச் செய்யும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மை. 1990களில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகத் தரப்பட்ட மூலிகைக் குளிகைகளில் இதே இனத்துச் செடி கலந்துவிட்டதால் நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் பழுதானது.

விடியுமுன் தலைவிளக்கோடு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கு இது உயிர்ச் செய்தி. நம் மலையடிவாரத் தோட்டங்களில் சருகுக்குள் கிடக்கும், மூக்கு மேல்நோக்கிக் கூம்பிய குழிவிரியன் கடித்தால் சிலருக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். மருத்துவமனைகளில் உள்ள நஞ்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கே உரியது. இந்தக் குழிவிரியனுக்கு அது ஏற்றதன்று. அப்படியானால் நேரத்தோடு மருத்துவமனைக்குப் போவதும், அங்கே சிறுநீரகத்தைக் கண்காணிப்பதும்தான் வழி. அந்த நேரத்தில், சிறுநீரகத்துக்கே பகையான ஒரு வேரை அரைத்துக் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருக்க முடியுமா? நஞ்சுமுறி மருந்தும் மரபறிவுக்கு வெளியே பிறந்ததன்று. 1978இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் நஞ்சிலிருந்துதான் அது பெருமளவு தயாராகிறது. இருளர்களின் அறிவு அந்தக் குப்பிக்குள் இருக்கிறது.

காளானுக்கும் ஒரு வார்த்தை. முதல் மழைக்குப் பின் புற்றில் எழும் காளானைக் கறையான்களே தம் புற்றுக்குள் வளர்க்கின்றன. அதை அடையாளம் காணத் தெரிந்தவரோடு போய்ப் பறித்து உண்பதில் குறையில்லை. மஞ்சள் போட்டால் நிறம் மாறும், வெள்ளிக் கரண்டி கறுக்கும் என்ற சோதனைகள் எதையும் நம்ப வேண்டாம். சில நச்சுக் காளான்களை உண்ட பின் ஆறு மணி நேரத்துக்கு மேலாகியும் அறிகுறி ஒன்றும் தெரியாது. வாந்தி பேதி வந்து, ஒரு நாள் தெளிந்தது போலவும் இருக்கும். பிறகுதான் கல்லீரல் போகும்.

முழு அறிவோடு இந்தச் செடிகளைக் கையாண்டவர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். பேச்சிப்பாறைக்கு மேலும் கோதையாறு பக்கமும் வாழும் காணி மக்களிடையே பிலாத்தி என்பவர் நோய் தீர்ப்பவர். கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசிச் சாற்றுப்பாட்டு பாடி நோயாளியின் அருகே இரவெல்லாம் இருப்பவர். நோயாளியைப் பார்க்காத மருத்துவம் அவர்களிடம் இல்லை. 1987இல் அகத்தியர் மலையின் கேரளப் பக்கம் ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர்கள், உடன் வந்த காணி இளைஞர்கள் ஒரு சிறு செடியின் காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் மலையேறுவதைக் கண்டு கேட்டார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து உருவான 'ஜீவனி' என்ற மருந்தின் தயாரிப்பு உரிமம் 1995இல் பத்து லட்சம் ரூபாய்க்கும் இரண்டு சதவீத உரிமைத்தொகைக்கும் ஒரு நிறுவனத்துக்குத் தரப்பட்டது. அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென அறக்கட்டளையும் பதிவாயிற்று. உலகம் பாராட்டிய ஏற்பாடு அது. ஆயினும் தங்கள் அறிவு விற்கப்படுகிறது என்று பிலாத்திகள் சிலர் அன்றே எதிர்த்தார்கள். மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் நம் மாவட்டத்தில் வாழும் காணிகள் அந்த அறக்கட்டளையின் கணக்கில் வரவும் இல்லை, அவர்களும் அதே மக்கள்தான் என்றாலும்.

ஆகவே காணி மக்களின் மருந்து என்று ஏதேனும் ஒன்றைப் பகிர்வதற்கு முன், அதைச் சொன்னவரிடம் அனுமதி கேட்டோமா என்று நினைத்துப் பாருங்கள். மருந்துக்காக வெட்டப்படும் மரமஞ்சளுக்கு நேர்ந்ததையும் நினையுங்கள். அந்தக் கொடியில் ஆண் வேறு, பெண் வேறு. பூத்துக் காய்க்கப் பல ஆண்டுகள் எடுக்கும். ஒரு முறை அடியோடு வெட்டினால் அந்த இடத்தில் அதன் வம்சம் முடிந்தது. இன்று அது அழிவின் விளிம்பில் நிற்கும் செடிகளில் ஒன்று.

செங்காந்தள் படத்துக்குப் பதில் எழுதிய நால்வரில் மூவர் கிழங்கைத் தொடவில்லை. நான்காமவர் என் சித்தி. நான் அழைத்தபோது கிழங்கைத் தோண்டிக் கழுவித் திண்ணையில் வைத்திருந்தார். அதை மறுபடியும் கையாலை ஓரத்தில் நட்டு, மூன்று வயதுப் பேரன் எட்டாதபடி முள் வைத்து அடைத்துவிட்டதாக நேற்று மாலை படம் அனுப்பியிருக்கிறார்.