வெள்ளை என்றால் சமாதானம் என்று யார் சொன்னது?

தேசியக் கொடிகளைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் விதத்தின் மேல் எனக்கு நெடுநாளாகவே கோபம் உண்டு. சிவப்பு தியாகம், பச்சை வளம், வெள்ளை சமாதானம். பாடப்புத்தகத்திலும் இதுதான், வினாடி வினாவிலும் இதுதான். எந்த நாட்டுக் கொடிக்கும் பொருந்திப்போகிற இந்தப் பட்டியலால் எந்த நாட்டைப் பற்றியும் எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு நிறம் கொடிக்குள் எப்படி வந்தது, யார் அதை எதிர்த்தார்கள், அதன் பொருளை யார் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்த மக்களின் வரலாறு அங்கேதான் இருக்கிறது.

வெள்ளையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பிரான்ஸ் கொடியில் நடுவில் இருக்கும் வெள்ளை, மன்னர் பரம்பரையின் நிறம். நீலமும் சிவப்பும் பாரிஸ் நகரத்தின் நிறங்கள். 1789 புரட்சியின்போது இந்த மூன்றையும் சேர்த்துத் தொப்பியில் குத்திக்கொண்டார்கள். மன்னனும் மக்களும் சேர்ந்தே இருக்கலாம் என்ற நம்பிக்கை அப்போது இன்னும் மிச்சம் இருந்தது. 1793 ஜனவரியில் மன்னனின் தலை போனது. ஆனால் மறு ஆண்டு இன்றைய கொடியின் வடிவம் முடிவானபோதும் அவனுடைய நிறம் நடுவிலேயே நின்றது. இதைவிட வியப்பு பின்னால் நடந்தது. 1871-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் முடியாட்சியை விரும்பியவர்களுக்கே பெரும்பான்மை. அரியணை ஏற, பழைய மன்னர் பரம்பரையின் வாரிசான ஷாம்போர் பிரபு தயாராக இருந்தார். ஆனால் மூவர்ணக் கொடியை ஏற்க மாட்டேன், என் முன்னோரின் வெள்ளைக் கொடிதான் வேண்டும் என்றார். அவரை அழைத்தவர்களாலேயே அதற்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1873-லும் அவர் இறங்கி வரவில்லை. முடி கைநழுவிப் போனது, குடியரசு நிலைத்தது. வெறும் துணிதானே என்று சொல்கிறவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அதே மூவர்ணம் கடல் கடந்து போனபோது வெள்ளையின் பொருளே வேறாகிவிட்டது. பிரான்சின் குடியேற்ற நாடாக இருந்த இன்றைய ஹெய்ட்டியில் அடிமைகள் 1791-இல் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களை மறுபடி அடக்க நெப்போலியன் படை அனுப்பினான். எதிர்த்துப் போராடியவர்களின் தலைவர் தெசாலின், 1803 மே 18 அன்று ஆர்க்காயே என்ற ஊரில் பிரெஞ்சுக் கொடியை எடுத்து நடுவிலிருந்த வெள்ளையைக் கிழித்து எறிந்தார் என்றும், மிஞ்சிய நீலத்தையும் சிவப்பையும் கத்தரின் ஃப்ளோன் என்ற பெண் சேர்த்துத் தைத்தார் என்றும் அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். பாரிஸில் மன்னனைக் குறித்த நிறம், பதினான்கே ஆண்டுகளில் இங்கே அடிமைகளின் எசமானர்களைக் குறித்தது. மீதமிருந்த இரண்டும் கறுப்பர்களும் கலப்பினத்தவரும் ஒன்றுசேர்ந்ததன் அடையாளமாயின. அடுத்த ஆண்டின் முதல் நாளிலேயே ஹெய்ட்டி விடுதலை அறிவித்தது. இன்றும் மே 18 அங்கே கொடி நாள். இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு, நீலம் வானம், சிவப்பு ரத்தம் என்று எழுதிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தியாவின் கொடியிலும் வெள்ளைக்குப் பொருள் மாறியிருக்கிறது. 1921-இல் காந்தி முன்வைத்த கொடியில் சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்ற எல்லா மதத்தவருக்கும். மதத்துக்கு ஒரு நிறம் என்று பிரித்தால் எங்கள் நிறம் எங்கே என்ற கேள்வி வரத்தானே செய்யும்? சீக்கியர்கள் கேட்டார்கள். 1931-இல் காங்கிரஸ், சிவப்பை எடுத்துவிட்டுக் காவியை வைத்தது. கூடவே நிறங்களுக்கு மதப் பொருள் கிடையாது என்று தீர்மானமே போட்டது. அதன்பின் காவி துணிவும் தியாகமும் ஆனது, வெள்ளை அமைதியும் உண்மையும் ஆனது. பழைய பொருள் மக்களைப் பிரிக்கிறது என்று உணர்ந்து, தெரிந்தே அதை மாற்றினார்கள். நான் பெரிதும் மதிக்கும் முடிவு அது. புத்தகத்தில் ஒற்றை வரியாக வரும் விளக்கத்துக்குப் பின்னால் பத்தாண்டு வாக்குவாதம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

சரி, முதலிலேயே யாரையும் உறுத்தாத பொருளைக் கொடுத்துவிட்டால் என்ன? கிரேக்கரும் துருக்கியரும் சேர்ந்து வாழ்ந்த தீவு நாடான சைப்ரஸ் அதைச் செய்து பார்த்தது. 1960-இல் வந்த அரசமைப்புச் சட்டமே, கொடியின் வடிவமும் நிறமும் நடுநிலையாக இருக்க வேண்டும் என்றது. கிரேக்கத்தின் நீலம் கூடாது, துருக்கியின் சிவப்பு கூடாது. வெள்ளைத் துணியில் செம்பு நிறத்தில் தீவின் வரைபடம், கீழே ஒலிவக் கிளைகள். இங்கேதான் வெள்ளை உண்மையிலேயே சமாதானம். ஆனால் மூன்றே ஆண்டுகளில் இரு சமூகங்களுக்கும் இடையே மோதல் வெடித்தது. 1974-இல் தீவு இரண்டாகப் பிளந்தது. இன்றுவரை ஒட்டவில்லை.

தென்னாப்பிரிக்காவின் கொடி இதற்கு நேர் எதிர். பொதுமக்களிடம் வடிவங்கள் கேட்டார்கள், ஆயிரக்கணக்கில் வந்தன, எதுவும் தேறவில்லை. தேர்தல் நெருங்கிவிட்டதால், அரசுச் சின்னங்களுக்குப் பொறுப்பான அதிகாரி பிரெட்ரிக் பிரவுனெல் வரைந்ததை அவசரமாக ஏற்று, 1994 ஏப்ரல் 27 அன்று தற்காலிகம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். கறுப்பர்கள் முதன்முறையாக நாடு முழுவதற்குமான தேர்தலில் வாக்களிக்க வரிசையில் நின்றது அன்றுதான். இந்தக் கொடியின் ஆறு நிறங்களுக்கும் பொதுவான பொருள் எதுவும் கிடையாது என்பதே அரசின் நிலைப்பாடு. ஆனாலும் மக்கள் அதைத் தங்கள் கொடியாக எடுத்துக்கொண்டார்கள். 1996 அரசமைப்புச் சட்டம் அதையே நிரந்தரமாக்கியது. அந்த வாக்குப்பதிவு நாள் சொன்னதைவிட அதிகமாக எந்த விளக்கக் குறிப்பும் சொல்லியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

அதற்கு முன் 1928 முதல் பறந்த கொடியில் இருந்தவை செம்மஞ்சள், வெள்ளை, நீலம். அங்கே முன்பு குடியேறிய ஒல்லாந்தரின் (டச்சுக்காரர்களின்) பழைய கொடியிலிருந்து எடுத்தவை. நிறங்களாக மட்டும் பார்த்தால் அதில் யாரையும் புண்படுத்த எதுவும் இல்லை. ஆனால் நிறவெறி ஆட்சி முழுவதும் அந்தக் கொடியின் கீழ்தான் நடந்தது. 2019-இல் தென்னாப்பிரிக்காவின் சமத்துவ நீதிமன்றம், தக்க காரணமின்றி அந்தப் பழைய கொடியைக் காட்டுவது வெறுப்புப் பேச்சுக்குச் சமம் என்று தீர்ப்பளித்தது.