மலேரியா ரத்தப் பரிசோதனையில் கிருமி குறைவு என்றால் உடலிலும் குறைவு என்று அர்த்தமில்லை

"மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் சும்மா ஒளிந்திருக்கும், ரத்தப் பரிசோதனையில் கொஞ்சம்தான் தெரிந்தால் பயம் வேண்டாம்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். ஒளிந்திருப்பது சரி. மற்றது ஆபத்தான தகவல்.

மலேரியாக் கிருமிகளில் ஃபால்சிபாரம் வகை அங்கே சும்மா இருப்பதில்லை. ஹீமோகுளோபினைத் தின்று சுமார் 48 மணி நேரத்தில் பெருகுகிறது. அதற்கிடையே தன் புரதங்களை வெளியே அனுப்பி, தான் குடியிருக்கும் செல்லையே மாற்றியமைக்கிறது. செல்லின் மேற்பரப்பில் சிறு சிறு முடிச்சுகள் எழும்பும். அவற்றில் இருக்கும் பிஎஃப்இஎம்பி1 என்ற புரதம், நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பற்றிக்கொள்ளும். இப்படி ஒட்டாமல் ரத்தத்தோடு ஓடினால், விறைத்துப்போன அந்தச் செல்லை மண்ணீரல் வடிகட்டி அழித்துவிடும். இந்தப் புரதத்துக்குச் சுமார் 60 மரபணு வடிவங்கள் உண்டு. நம் எதிர்ப்பொருள்கள் ஒன்றை அடையாளம் கண்டுகொள்வதற்குள் கிருமிகளில் சில வேறொன்றுக்கு மாறியிருக்கும். எனக்கு இதில் மிகவும் வியப்பான இடம் இதுதான்.

விளைவைப் பாருங்கள். முதிர்ந்த கிருமிகள் மூளை, நஞ்சுக்கொடி போன்ற இடங்களின் குழாய்களில் ஒட்டிக் கிடக்கின்றன. விரல் நுனியில் எடுக்கும் ரத்தத்தில் பெரும்பாலும் தெரிவது வளைய வடிவிலுள்ள இளம் கிருமிகள்தான். எண்ணிக்கை குறைவாக வந்தும் நோயாளி மோசமான நிலையில் இருக்கலாம். குழப்பம், வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் இருந்தால் எண்ணிக்கையைப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்புறம், வைவாக்ஸ் வகை கல்லீரல் செல்லில் மாதக்கணக்கில் உறங்கும். ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியரில் அது தெரியவே தெரியாது. மருத்துவர் எழுதித் தரும் பிரைமாகுவின் மருந்து அதற்காகத்தான். காய்ச்சல் விட்டதும் அதைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.